15 கிலோவும் இன்ஸ்பெக்டரின் கண்ணும்

விரலிமலை என்றால் முருகனும் மயிலும்தான் நினைவுக்கு வரும். மலைக்குக் கீழே இரும்பு வேலையும் மும்முரமாக நடக்கிறது. எம்.எம். ஃபோர்ஜிங்ஸ் ஆலையும் சன்மார் குழுமத்தின் வார்ப்பாலையும் இந்த வட்டாரத்தில்தான். தெற்கே திருமயத்தில் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட பெல் நிறுவனத்தின் மின்நிலையக் குழாய்ப் பிரிவு. அந்தக் குழாய்களை யாரும் கையால் தூக்கப் பார்ப்பதில்லை. கிரேன் வரும்வரை காத்திருப்பார்கள். சிக்கல் நடுத்தர எடையில்தான். 15 கிலோ காஸ்டிங்கைப் பார்த்தால் எந்தப் பட்டறையிலும் "இதுக்குப் போய் கிரேனா?" என்றுதான் கேட்பார்கள்.

ஒரு ஷிப்டில் அப்படி 300 பீஸ் சோதனைக்கு வருகிறது என்று வையுங்கள். பெட்டியிலிருந்து மேஜைக்கு ஒரு தூக்கு, மேஜையிலிருந்து டிராலிக்கு இன்னொரு தூக்கு. ஒரே ஆள், 9 டன். முதுகு படும் பாடு அதைவிட அதிகம். குனிந்து எடுக்கும்போது பொருள் முதுகெலும்பிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது; அதை ஈடுகட்டி இழுக்கும் தசையோ ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளித்தான் இருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி 15 கிலோவுக்குத் தசை 120 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் பாரம் தனி. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1991-இல் திருத்திய பாரம் தூக்கும் சமன்பாடு, எல்லாம் தோதாக அமைந்தாலும் 23 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்கிறது. எட்டி எடுத்தால், இடுப்பைத் திருப்பினால், அடிக்கடி தூக்கினால் அந்த அளவு மளமளவென்று இறங்கும்.

முதுகுவலியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கண். மேக்னாஃப்ளக்ஸ் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். உருப்படியைக் காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். விரிசல் உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசிய, தூள் அங்கே போய் ஒட்டும். இருட்டில், புற ஊதா விளக்கின் கீழ், மயிரிழை கனத்தில் ஒரு பச்சைக் கோடு தெரியும். அந்தக் கோடு அடிப்பக்கத்தில் இருந்தால்? திருப்பினால்தான் உண்டு. ஷிப்டு முடிகிற நேரத்தில், கை ஓய்ந்த மனிதருக்கு மேலே பார்த்ததோடு 'ஓகே' போட்டு அனுப்பத்தான் மனசு வரும். ரிஜெக்ஷன் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரும்போது, அலட்சியம் என்று அவர்மேல் பழி விழும்.

இந்த இடத்துக்குப் பொருத்தமானது ஏர் பேலன்சர். மேலே தண்டவாளத்தில் தொங்கும் உருளைக்குள் காற்றழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். அந்தத் தள்ளலில் டிரம் திருகுதண்டின்மேல் சுழன்று கம்பிவடத்தைச் சுற்றிக்கொள்ளும். அழுத்தத்தைப் பாரத்துக்குச் சமமாக வைத்துவிட்டால் உருப்படி அந்தரத்தில் நிற்கும். லேசாகத் தொட்டு ஏற்றலாம், இறக்கலாம். கொக்கிக்குப் பதிலாகச் சுழலும் பிடிப்பானை மாட்டினால் ஒரு கையால் உருட்டி நாலா பக்கமும் பார்க்கலாம். ஆனால் பாரம்தான் தெரியாமல் போகிறது, நிறை அப்படியே இருக்கிறது. வேகமாகத் தள்ளிய 30 கிலோ கிராங்க் ஷாஃப்ட்டைச் சட்டென்று நிறுத்த முடியாது. இடையில் விரல் மாட்டினால் நசுங்கும்.

காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்குவம் லிஃப்டர் தகடு, கண்ணாடிக்கு அருமையானது. சொரசொரப்பான காஸ்டிங்கில் காற்று கசிந்து பிடி விடும். காந்தத் தூக்கியும் சோதனை மேஜைக்கு ஆகாது. சோதனை முடிந்து காந்தம் நீக்கிய உருப்படியில் மறுபடி காந்தம் ஏறி, இரும்புச் சீவல் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு செயின் பிளாக்கை மாட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் முதலாளிகளும் உண்டு. கையால் நாலைந்து விநாடியில் முடிகிற வேலைக்கு அது அரை நிமிடம் எடுக்கும். பீஸ் கணக்கு கேட்கிற இடத்தில் அதை யார் தொடுவார்கள்? பேலன்சருக்குப் பணம் இல்லையென்றால் பெட்டிக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த சிசர் மேஜை போடலாம். பீஸ் குறையக் குறைய ஸ்பிரிங் தட்டை உயர்த்திக்கொண்டே வரும். கடைசிப் பீஸையும் இடுப்பு உயரத்திலேயே எடுக்கலாம். கரண்டும் வேண்டாம், கம்ப்ரசரும் வேண்டாம்.