காவலரும் எழுத்தும்

பெரம்பலூர் வழியே செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் நள்ளிரவில் விபத்து நேர்ந்தால், அங்கே விரைந்து வருவோருள் காவலரும் ஒருவர். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலைகளிலும் அப்படியே. காயமுற்றோரை அனுப்பி, இறந்தவர் வீட்டுக்குச் செய்தி சொல்லி, நிலையம் திரும்பியதும் அவர் எழுத அமர்கிறார். முதல் தகவல் அறிக்கை, பொது நாட்குறிப்பு, பிரேத விசாரணை அறிக்கை ஆகியவற்றில் நேரம் உண்டு, இடம் உண்டு, வண்டி எண் உண்டு. எழுதியவர் நெஞ்சம் கலங்கியதற்கு இடமில்லை. இருக்கவும் கூடாது, சட்டத்துக்கு வேண்டுவது நிகழ்ச்சியே.

அக்கலக்கம் எங்கே போகும்? 1986-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர் 46 பேர் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினர். சிலர் தமக்கு நேர்ந்த துயர நிகழ்ச்சியை மட்டும் எழுதினர்; சிலர் அதுபற்றிய உணர்ச்சியை மட்டும்; சிலர் இரண்டையும்; மற்றுஞ் சிலர் சாதாரணச் செய்திகளை. துயரை நினைந்து எழுதியோர் அப்போதைக்கு வருந்தவே செய்தனர். ஆயினும் நிகழ்ச்சியையும் உணர்ச்சியையும் இணைத்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே சென்றனர். பிற்கால ஆய்வுகள் பலவற்றில் பயன் சிறிதாகவே தோன்றியது, ஆனால் தோன்றியது.

காவலர் நாள்தோறும் எழுதுவது, இவ்வகையில் பார்த்தால், பாதி எழுத்தே. மறுபாதியைத் தனி ஏட்டில், வழக்கின் விவரமோ பெயரோ இன்றி, யார்க்கும் காட்டாது அவர் எழுதலாம். உறக்கத்துக்கும் வார ஓய்வுக்கும் மருத்துவருக்கும் அது ஈடாகாது; அவற்றுக்குத் துணையாகும். மாணவர்களே, அடுத்த முறை சாலையில் ஒரு காவலர் குறிப்பேட்டுடன் நிற்கக் கண்டால், அதில் அவர் எழுத இயலாததையும் எண்ணிப் பாருங்கள்.