மதிலுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நன்னீர்

கீரிமலைக் கேணிக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் இறங்கியவுடன் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். நம்ப முடியாததுதான் காரணம். கேணிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு மதில் மட்டுமே. மதிலின் வெளிப்புறத்தில் பாக்கு நீரிணையின் அலை அறைகிறது. உள்ளே படிக்கட்டுகளுக்குக் கீழே தெளிந்த நன்னீர் தளும்புகிறது. அருகில் ஆறு இல்லை, அருவி இல்லை, தண்ணீரை ஏற்றிவிடும் மோட்டார் இல்லை. நிலத்தடியிலிருந்து தானாக வந்து, கேணியை நிரப்பி, மிச்சம் கடலுக்குப் போய்விடுகிறது.

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், காங்கேசன்துறைக்கு மேற்கே இருக்கிறது கீரிமலை. ஆண்களுக்குப் பெரிய கேணி. பெண்களுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிய தனிக் கேணி. விடுமுறை நாள்களில் பிள்ளைகள் மதில்மேல் ஏறி நின்று குதிக்கிறார்கள். நீச்சல் பழகும் சிறுவனை இடுப்பில் கைகொடுத்துத் தாங்கும் தகப்பன், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து ஊர்த் தண்ணீரில் முங்கி எழும் குடும்பம், ஈர வேட்டியோடு நகுலேஸ்வரர் கோயிலுக்கு நடக்கும் பெரியவர் என எல்லாருக்கும் அந்தச் சிறிய செவ்வகத்தில் இடம் இருக்கிறது.

கப்பலில் வந்து கேணியில் இறங்கலாம்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இந்தப் பயணமே ஒரு நீர்ப்பயணம். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது. இடையில் நின்றுபோய், 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. கடல் சீற்றமான மாதங்களில் சேவை நிறுத்தப்படுவதால் விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. பலாலியில் 2019இல் திறக்கப்பட்ட பன்னாட்டு விமான நிலையமும் அருகில்தான். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் காங்கேசன்துறை வரைக்கும் வந்துவிடலாம். போரால் அறுந்த அந்தப் பாதையின் கடைசித் துண்டு 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது.

கேணியில் காலைக் குளிப்பை முடித்தவர்கள் அதே நாளில் படகுப் பயணத்தையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே பண்ணைப் பாலத்தையும் புங்குடுதீவையும் கடந்தால் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து இயந்திரப் படகில் ஏறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகும் சைவர்களும் நாகவிகாரைக்குப் போகும் பௌத்தர்களும் ஒரே படகில் நெருங்கி அமர்ந்து வருவதை அங்கே அன்றாடம் பார்க்கலாம். படகில் கொடுக்கும் உயிர்காப்பு அங்கியை மறுக்காமல் அணிந்துகொள்ள வேண்டும். குடாநாட்டுக் கடல் பார்வைக்கு அமைதியானது. காற்று மாறினால் குணமும் மாறும்.

இளவரசி முகம் மாறிய தீர்த்தம்

கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் இந்த ஊற்றில் நீராடி மனித முகம் பெற்றார் என்பது தலபுராணம். நோயாலும் குதிரை முகத்தாலும் துன்புற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே தங்கி நீராடிக் குணமடைந்ததாகவும், நன்றிக்கடனாக மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலை எழுப்பியதாகவும் யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. ஈழத்தின் பஞ்சேஸ்வரங்களில் ஒன்றான நகுலேஸ்வரம் கேணிக்கு அருகிலேயே இருக்கிறது. போர்த்துக்கீசர் காலத்தில் இடிக்கப்பட்ட அந்தக் கோயிலைத் திரும்ப எழுப்பக் குரல்கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஆறுமுக நாவலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோயில் மீண்டும் எழுந்தது.

ஆடி அமாவாசை அன்று கீரிமலையில் கால்வைக்க இடமிருக்காது. தகப்பனை இழந்தவர்கள் தர்ப்பணம் கொடுத்து நீராடும் நாள் அது. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பரம்பரையாக இங்கேதான் வருகின்றன. பிள்ளைகள் குதித்து விளையாடும் அதே நீர்க்கரையில் ஒரு குடும்பம் கண்ணீரோடு சாம்பலைக் கடலில் கரைத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இடைஞ்சலாக நினைப்பதில்லை.

அந்த வழக்கமும் அறுந்துபோன காலம் ஒன்று உண்டு. 1990இல் போர் கீரிமலை உள்ள வலிகாமம் வடக்குப் பகுதியை விழுங்கியது. கீரிமலை, மாவிட்டபுரம், மயிலிட்டி, பலாலி மக்கள் ஊரைவிட்டு வெளியேற, அந்த நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமானது. ஆண்டுக்கணக்கில் கேணித் தண்ணீர் குளிக்க ஆளின்றியே கடலுக்குப் போனது. 2009இல் போர் முடிந்தபின் படிப்படியாக வழி திறந்தது; காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, தாய் தகப்பன் கதையாகச் சொன்ன கேணியை அதன்பிறகே முதல்முறையாகக் கண்டது.

இரு மடங்குக்கு மேல் மழை, ஆனாலும் தட்டுப்பாடு

கடலோரத்தில் நன்னீர் எப்படி வருகிறது? விடையைப் புரிந்துகொள்ள வங்கக் கடலின் மறுகோடிக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.  ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. ஆனாலும் ஜனவரி பிறந்து மழை ஓய்ந்துவிட்டால் நகரத்தில் தண்ணீர்க் கவலை தொடங்கிவிடும். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்; வறண்ட ஆண்டுகளில் அதைவிட நீண்ட இடைவெளியில் வரும். நகரம் பெரிதும் நம்பியிருப்பது தனிக்காரி அணையை. தெற்கே ரட்லண்ட் தீவின் ஓடைகளிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீட்டர்தான். அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்படியிருந்தும் ஊற்று இங்கே பெருகுகிறது.

பாறை வேறு என்பதே காரணம். தெற்கு அந்தமானின் மேடுபள்ளங்களுக்கு அடியில் பெரும்பாலும் மணற்கல்லும் களிப்பாறையும் எரிமலைப் பாறையும் இருக்கின்றன. மழைநீரைத் தேக்கிவைக்க அவற்றுக்கு வசதி குறைவு. சரிவுகளில் விழுந்த மழை ஓடைகளாகி வேகமாகக் கடலைச் சேர்ந்துவிடுகிறது. குடாநாடோ தட்டையான சுண்ணாம்புக்கல் பலகை. மயோசீன் காலத்தில், அதாவது கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடலடியில் படிந்த கல் அது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு மழைநீரில் கலந்து இலேசான அமிலமாகிறது. அந்த நீர் கல்லின் வெடிப்புகளை மெல்ல மெல்லக் கரைத்துத் துளைகளாகவும் குகைகளாகவும் சுரங்கங்களாகவும் ஆக்கியிருக்கிறது. பெய்த மழை அந்த வழிகளில் இறங்கிச் சேர்கிறது. அந்தமானிலேயே பாராடாங் தீவுக்குப் போனவர்கள் இந்த வேலையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். நீலாம்பூர் படகுத்துறையிலிருந்து அலையாத்திக் காட்டின் ஊடே படகில் போய் அடையும் சுண்ணாம்புக்கல் குகையில், சொட்டும் நீர் உருவாக்கிய கல்தொங்கல்களைப் பார்க்கலாம்.

கடல்நீரைவிட நன்னீர் எடை குறைந்தது. அதனால் குடாநாட்டின் அடியில், கல்லுக்குள் நுழைந்திருக்கும் உப்புநீரின்மேல் மழைநீர் தனிப்படலமாக மிதக்கிறது. மோரில் மிதக்கும் வெண்ணெய் உருண்டை கொஞ்சம் வெளியே தெரிய, மிச்சமெல்லாம் மூழ்கியிருப்பதைப் போன்றது இது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலின் பழைய கணக்கு. அந்த நீர் கரையை நோக்கி நகர்ந்து, கல்லில் வழி கிடைத்த இடத்தில் பொங்கி வெளியேறுகிறது. கீரிமலை அப்படி ஒரு வாசல்.

புத்தூருக்கு அருகே இருக்கும் நிலாவரை இன்னொரு வாசல். ஊரார் அதை அடியில்லாக் கிணறு என்பார்கள். மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் அடுக்காக நிற்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்துக்கு அருகே கடலுக்குள் நடைபாலம் போட்டு அடையும் வில்லூண்டித் தீர்த்தத்திலும் சுற்றிலும் உப்பு, நடுவே நன்னீர் என்ற இதே அதிசயம்தான். இரண்டு இடங்களிலும் இராமன் அம்பெய்து தண்ணீர் வரவழைத்ததாகக் கதை சொல்கிறார்கள்.

கண்ணாடிப் படகின் கீழே

சுண்ணாம்புக்கல் ஊற்றுகளுக்கு உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம். அங்கே ஆயிரத்துக்கு மேல் ஊற்றுகள் உண்டு. அவற்றுள் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஆறாகவே பெருகும் அளவுக்குப் பெரியது. ஆண்டு முழுதும் நீரின் வெப்பம் 22 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகில் மக்களை ஏற்றி, மீன்களையும் ஊற்றுக்கண்ணையும் காட்டும் வழக்கம் அங்கே 1870களில் பிறந்தது, இன்றும் தொடர்கிறது. ஆனால் சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளும் வீடுகளும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் ஊற்றின் வேகம் குறைந்துபோனது. உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வந்த நைட்ரேட் சேர்ந்ததில் கண்ணாடிக்குக் கீழே பாசி படர்ந்தது. 2013இல் மாநில அரசு அதைப் பூங்காவாக நேரடியாக எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகும், ஊற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை முடிந்தபாடில்லை.

கீரிமலைக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் இதுதான். ஊற்றின் நிலை மதிலோரத்தில் தீர்மானமாவதில்லை. உள்ளே, சுன்னாகத்திலும் கோப்பாயிலும் இணுவிலிலும், தோட்டங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் தீர்மானமாகிறது.

கல் காட்டிக்கொடுக்கும்

ஒரு காலத்தில் குடாநாட்டுத் தோட்டங்களுக்குத் துலா மிதித்து இறைத்தார்கள். மனித உழைப்புக்கு எல்லை உண்டு என்பதால் கிணற்றுக்கும் ஓய்வு கிடைத்தது. பின்னர் மோட்டார்கள் வந்தன. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்தன. ஆனால் அளவுக்கு மீறி இறைக்கும்போது நன்னீர்ப் படலம் மெலிகிறது, கீழிருந்து உப்புநீர் ஏறுகிறது. கரையோரக் கிணறுகள் பல இப்படித்தான் உவர்ந்தன.

எளிதில் நீரை உள்ளே விடும் கல், அழுக்கையும் எளிதில் உள்ளே விட்டுவிடும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு மீறியிருப்பதை 1980களிலிருந்து ஆய்வுகள் காட்டி வருகின்றன. செயற்கை உரமும், கிணற்றுக்குப் பக்கத்திலேயே வெட்டப்பட்ட மலக்குழிகளும் முக்கியக் காரணங்கள். கைக்குழந்தைகளுக்கு இந்த நைட்ரேட் நேரடி ஆபத்து.

சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது இன்னும் கசப்பான அனுபவம். அது பெரிய விவகாரமாகி, இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. தீர்ப்பு வருவதற்குள் மக்கள் ஆண்டுக்கணக்கில் பவுசர் வண்டியில் வந்த தண்ணீருக்காகக் குடங்களோடு காத்திருந்துவிட்டார்கள்.

கல்லுக்கே வந்த சேதமும் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. 1990இல் போர் அதை நிறுத்தும்வரை, மழையைச் சேமித்துவைக்கும் அதே சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் சீமெந்து ஆனது. வெட்டிய பெரும் பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. அந்த ஆலையைப் பற்றிய பேச்சு மீண்டும் எழும்போதெல்லாம் வலிகாமம் வடக்கு மக்கள் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். அந்தக் கேள்விக்கு எந்த அரசும் முதலில் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

செய்யக்கூடியவை

வழிகள் தெரியாமல் இல்லை. மழைநீரைக் கடலுக்கு விடாமல் கடல்நீரேரிகளில் தேக்கி நன்னீராக்கலாம் என்று பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களிலேயே திட்டம் வகுத்தார். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று அறியப்பட்ட அந்தத் திட்டம் அரைகுறையாகவே நிறைவேறியது. 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 2.4 கோடி லிட்டர் அதன் கொள்ளளவு. குடிநீருக்காக நிலத்தடியை உறிஞ்சும் சுமையை அது ஓரளவு குறைக்கும். ஆனால் மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரிக்கும் அந்த வேலையை, சுண்ணாம்புக்கல் காலங்காலமாக இலவசமாகச் செய்துவருகிறது. ஊர்க் குளங்களைத் தூர்வாரி மழை இறங்க வழிவிடுவது, மலக்குழிகளுக்குப் பதில் முறையான கழிவகற்றல், தோட்டத்தில் உரத்தை அளந்து போடுவது ஆகிய மூன்றும் நடந்தாலே நிலத்தடி நீர் பெரிதும் தேறும்.

குளிக்க வருகிறவர்களின் பங்கும் இருக்கிறது. சவர்க்காரமும் ஷாம்பூவும் கேணிப் படிக்கு வேண்டாம். இது முங்கி எழுவதற்கான இடம். கிரியை முடித்தவர்கள் துணியையும் பிளாஸ்டிக் பையையும் நீரில் விடாமல் எடுத்துப்போக வேண்டும். கூட்டம் பிடிக்காதவர்கள் ஆடி அமாவாசையைத் தவிர்த்து, வார நாளில் காலை வேளையில் வரலாம். நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் கேணிக்குள் தனியே விடக் கூடாது. மதிலுக்கு வெளியே பாறையும் அலையும் உள்ள பக்கத்தில் இறங்கவே கூடாது. மழைக்காலம் முடிந்த தை, மாசி மாதங்களில் கடலும் அடங்கியிருக்கும், வெயிலும் இளசாக இருக்கும்; கேணிக் குளிப்பையும் நயினாதீவுப் படகையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள அதுவே தோதான பருவம்.