மீனுக்கு முன்னால் உறை

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் முதல் ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு டீக்கடை பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். கிடைத்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் தம்பி, கையில் கிளாஸோடு வந்து ஒட்டிக்கொண்டார்.

"அண்ணா, மீன் தொட்டித் தண்ணியிலயே கீரை வளருதாமே. வீட்டுக்குப் பின்னாடி எட்டடிக்கு எட்டடி சும்மா கிடக்கு. சனிக்கிழமை டேங்க் வாங்கி, ஞாயித்துக்கிழமை மீன் விட்டுடலாம்னு இருக்கேன்."

"டேங்க் வாங்கு. மீனை இப்ப விடாதே."

"ஏண்ணா?"

"உங்க வீட்ல தயிருக்கு உறை ஊத்துறது யாரு?"

அவர் முழித்தார். ஆனால் அக்வாபோனிக்ஸ் என்று பெரிய பெயர் வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அந்த உறை மோரில்தான் இருக்கிறது.

மீன் தின்ற தீனியில் உள்ள புரதம் உடம்பில் சேர்ந்தது போக, மிச்சம் அமோனியாவாக வெளியேறுகிறது. அதுவும் பெரும்பாலும் செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. குளத்தில் அது கரைந்து போகும். தொட்டியில் தேங்கும், தேங்கினால் அந்த மீனுக்கே விஷம். நைட்ரோசோமோனாஸ் என்ற நுண்ணுயிர் அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் லேசுப்பட்டதல்ல. மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரோஸ்பைரா என்ற இன்னொரு கூட்டம் அதைத் தின்று நைட்ரேட்டாக்குகிறது. இது செடிக்குச் சோறு. மீனுக்கும் அவ்வளவாகத் தொந்தரவில்லை. செடி அதை உறிஞ்சிக்கொள்ள, தண்ணீர் மறுபடி தொட்டிக்கு வருகிறது.

"அந்த ரெண்டு கூட்டமும் புது டேங்க்ல இருக்காது தம்பி. நீ ஞாயித்துக்கிழமை விடுற மீன், அடுத்த வாரம் தன் கழிவுலயே மிதக்கும்."

ஆகவே முதலில் உறை. தண்ணீரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் பொடித்துப் போட வேண்டும். தீனி அழுகி அமோனியா ஏறும். சில நாளில் அது இறங்க, நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் தலைகாட்டும். அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்து நின்றால்தான் மீன் விடும் நாள். வெயில் காலத்தில் இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். ஓசூர் குளிரில் மார்கழி, தையில் தயிர் உறையாமல் அடுப்படியில் ஒதுக்கி வைப்போம் அல்லவா? இந்த உறையும் குளிரில் அப்படித்தான் மந்தப்படும். மாசி, பங்குனியில் தொடங்குவது உத்தமம்.

ஏற்கெனவே தொட்டி ஓட்டும் ஒருவரிடமிருந்து ஒரு கை ஜல்லி வாங்கிவந்து போட்டால் நாள் குறையும். அவர் தொட்டியில் நோய் இல்லை என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"சரி, டேங்க்?"

இந்த விஷயத்தில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருப்பவருக்கு ஒரு வசதி, ஒரு ஆபத்து. கம்பிக் கூண்டுக்குள் வெள்ளை பிளாஸ்டிக் வைத்த 1,000 லிட்டர் ஐபிசி டேங்கும், நீல பேரலும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். மேல்பாகத்தை ஓரடி உயரத்துக்கு அறுத்துக் கவிழ்த்தால் அதுவே செடிப் படுகை. கீழ்ப்பாகம் மீன் தொட்டி. ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது? கட்டிங் ஆயிலா, அமிலமா, பெயிண்ட் கழுவும் கரைசலா? லேபிள் கிழிந்திருந்தால், கடைக்காரர் "சோப்புதான் சார்" என்று மழுப்பினால், வாங்காதே. பிளாஸ்டிக்கில் ஊறியது கழுவினால் போகாது. சமையல் எண்ணெயோ சர்க்கரைப் பாகோ வந்த டேங்க் என்றால் சோடா மாவு போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும்.

வெள்ளை டேங்குக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். உறைக் கூட்டத்துக்கும் வெயில் ஆகாது. கறுப்புத் தார்ப்பாயோ சாக்கோ சுற்றிவிட வேண்டும்.

படுகைக்கு முக்கால் இஞ்சு ஜல்லி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல் ஜல்லிக்குப் பஞ்சமில்லை. நாலு கல்லில் வினிகர் ஊற்றிப் பார்க்க வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வேண்டாம். தண்ணீரின் பி.எச். அளவை ஏற்றிக்கொண்டே போகும். ஓரடி ஆழத்துக்குக் கொட்டினால் ஏறத்தாழ 300 லிட்டர் ஜல்லி, எடை 450 கிலோவைத் தொடும். கீழே 600 லிட்டர் தண்ணீர், அதாவது 600 கிலோ. மொத்தம் ஒரு டன்னுக்கு மேல்.

"அப்ப மாடியில வைக்க முடியாதா?"

"ஹவுஸ் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு. தரையில வை."

தண்ணீரைப் பம்ப் மேலே ஏற்ற, ஜல்லி நனைந்து, பைப் வழியே கீழே வடிய வேண்டும். படுகை நிரம்பியதும் தானாக வடியவைக்க மணி சைஃபன் என்று ஒரு உபாயம் உண்டு. அழகானதுதான், ஆனால் முதல் தடவை செய்பவரைப் படுத்தி எடுக்கும். டைமர் வாங்கி 15 நிமிடம் ஓட, 45 நிமிடம் ஓய என்று வைப்பது எளிது. 300 லிட்டர் ஜல்லியின் சந்துகளில் சுமார் 120 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மணிக்கு 1,000 லிட்டர் தள்ளும் பம்ப் கால் மணியில் 250 லிட்டர் ஏற்றும். வடிவது போக நிரம்பிவிடும். தண்ணீர் வடியும்போது ஜல்லிக்குள் காற்று புகும்; வேரும் உறையும் மூச்சுவிடுவது அப்போதுதான்.

ஓசூருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் வருகிறது. குடிநீரில் குளோரின் இருக்கும். அதை நேரே ஊற்றுவது கொதிக்கும் பாலில் உறை ஊற்றுவது போல. ஒன்றிரண்டு நாள் திறந்த பேரலில் காற்று விட்டு வைத்துப் பிறகு சேர்க்கலாம். கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பெங்களூருக் கழிவு கலந்து தென்பெண்ணை அங்கே நுரைப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

மீன் என்றதும் எல்லோரும் திலேப்பியா என்பார்கள், நம் ஊர் ஜிலேபி. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய தேர்வு இனப்பெருக்கத்தில் உருவான கிஃப்ட் ரகத்துக்கு நம் மாவட்டத்திலேயே, பாரூரில், மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. ஆனால் அந்நிய ரகம் ஏரிக்குள் தப்பினால் நாட்டு மீனுக்கு ஆபத்து. அதனால் வளர்க்க முன் அனுமதி வேண்டும். மீன்வளத் துறையில் கேட்டுவிட்டு இறங்கு. தவிர, திலேப்பியா குளிர் தாங்காது. தண்ணீர் 17, 18 டிகிரிக்கு இறங்கினாலே தீனி எடுக்க யோசிக்கும். ஓசூரின் பனிக்குச் சாதாக் கெண்டை தோதானது. தின்ன மனசில்லை என்றால் கோல்டு ஃபிஷ் போதும். கீரைக்கு எந்த மீனின் கழிவு என்று வித்தியாசம் தெரியாது.

"எத்தனை விடலாம்ணா?"

"மீனை எண்ணாதே. தீனியை எண்ணு."

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014இல் வெளியிட்ட கையேடு ஒரு கணக்குத் தருகிறது. இலைக் கீரைக்கு ஒரு சதுர மீட்டர் படுகைக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீனி. உன் படுகை ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். 150 கிராம் எடையில் 20 மீன் என்றால் 3 கிலோ. எடையில் ஒன்றரை சதவீதம் தின்றால் 45 கிராம். கணக்கு பொருந்துகிறது. 20 போதும். அவை அரைக் கிலோவை நோக்கி வளர வளர, பெரியதைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் படுகை திணறும். அரை மணியில் தின்னாத தீனியை வலையால் அள்ளிவிட வேண்டும்.

செடியில் புதினா, கொத்தமல்லி, சிறுகீரை முதலில். தக்காளி ஆறு மாதம் கழித்து. முள்ளங்கியும் கேரட்டும் ஜல்லிக்குள் கோணிக்கொள்ளும். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை. உரக் கடையில் சீலேட் இரும்பு கிடைக்கும். பூச்சி விழுந்தால் மருந்து அடிக்கவே கூடாது, வேப்பெண்ணெய் உட்பட. செடிக்கு அடிப்பது மீனுக்குப் போகும். கையால் பொறுக்கு, தண்ணீரைப் பீய்ச்சு.

கடைசியாகக் கரண்ட். பம்ப் நின்றால் கீரை ஒரு நாள் தாங்கும். மீன் சில மணி நேரம்தான். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

"இதுல லாபம் வருமாண்ணா?"

"உழவர் சந்தையில புதினாக் கட்டு விக்கிற விலைக்கு நீ போட்டி போட முடியாது. வீட்டுக் கீரை, நாலு நாள் குழம்பு. அவ்வளவுதான்."

அவர் கிளாஸைக் கழுவும் வாளியில் வைத்தார். கொஞ்ச நேரம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அப்ப ஒரு மாசத்துக்கு வெறும் டேங்குக்குத் தீனி போடணும். வீட்ல என்னைப் பைத்தியம்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க. ராத்திரி பாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தா தயிர் உறையுமான்னு அவங்களையே கேளு."