வெளியே கத்திரி வெயில்! வீட்டுச் சுவரில் காகிதச் சூரியன்!

தாம்பரத்தில் பகல் 12 மணி.

தார் ரோடு கொதிக்கிறது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. இளநீர் வண்டிக்காரர்கூட மர நிழலைத் தேடிப் போய்விட்டார்.

"அம்மா, வெளியே போய் விளையாடட்டுமா?"

"இந்த வெயிலிலா? பேசாமல் வீட்டுக்குள்ளே இரு!"

குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம்... மே மாதத்தில் எந்த வீட்டிலும் இதே பேச்சுத்தான்.

தாய் சொல்வது சரிதான். பகல் 12 மணி முதல் 3 மணி வரை குழந்தைகளை வெயிலில் விடக்கூடாது. ஆனால் 5 வயதுப் பிள்ளை 3 மணி நேரம் சும்மா இருக்குமா? அழும். அடம் பிடிக்கும். கடைசியில் செல்போன் கைக்கு வந்தால்தான் அடங்கும்.

அந்த 3 மணி நேரத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டுச் சுவரை அலங்கரிக்கச் சொல்லுங்கள்! பெரிய செலவு இல்லை. வேண்டிய சாமான்கள் பெரும்பாலும் சமையல் அறையிலேயே இருக்கின்றன.

ஆணி வேண்டாம்!

"எங்களுடையது வாடகை வீடு. ஒரு ஆணி அடித்தாலும் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்" என்கிறீர்களா? கவலை வேண்டாம்.

போன வருஷத்துத் தினசரி காலண்டரைத் தேடி எடுங்கள். தாள் தீர்ந்ததும் அட்டையை எறிந்துவிடுகிறோம். அந்த அட்டைதான் நமக்கு வேண்டும். அது கெட்டியானது. மாட்டுவதற்கு ஓட்டையும் இருக்கும். சுவரில் ஏற்கெனவே உள்ள ஆணியில் மாட்டலாம். ஜன்னல் கம்பியிலும் கட்டலாம். அட்டையில் சாமி படம் இருந்தால், பின்பக்கத்தைப் பயன்படுத்துங்கள்.

ஒட்டுவதற்குப் பசை வேண்டும். 2 ஸ்பூன் மைதா மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, இளம் தீயில் கிண்டினால் பசை தயார். அடுப்பு வேலை பெரியவர்கள் வேலை. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது உண்டு. அது விஷம். குழந்தைகள் கைபடும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது.

25 கதிர் சூரியன்

முதலில் சூரியன்.

அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கரையுங்கள். அதைத் துணியால் தொட்டு வெள்ளைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். இன்னொரு கிண்ணத்தில் கொஞ்சம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரையுங்கள். ஒரு குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றி, குழந்தையிடம் கொடுங்கள். சோடாத் தண்ணீரைத் தொட்டு மஞ்சள் தாளில் கோடு போடட்டும்.

என்ன ஆச்சரியம்! மஞ்சள் தாளில் சிவப்புக் கோடு! குழந்தை கைகொட்டிச் சிரிக்கும்.

இது மாயம் அல்ல. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். கல்யாண வீட்டில் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாக இருப்பதும் இதனால்தான். அதில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். ஆனால் குழந்தை கையில் சுண்ணாம்பு கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

காய்ந்த தாளை வட்டமாக வெட்டி, அட்டையின் நடுவில் ஒட்டுங்கள். சூரியனுக்குக் கண், மூக்கு, வாய் வரைவது குழந்தையின் வேலை.

இனி கதிர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒட்டிவிடாதீர்கள்! அக்கினி நட்சத்திரம் வழக்கமாக மே 4-ந் தேதி தொடங்கி 28-ந் தேதி முடிகிறது. மொத்தம் 25 நாள். தினமும் காலண்டரில் கிழிக்கும் தேதித் தாளை நீளமாக மடித்து, ஒரு கதிராக ஒட்டட்டும். நாளுக்கு ஒரு கதிர். 25-வது கதிர் ஒட்டிய அன்று கத்திரி வெயில் முடிந்தது! எண்ணப் பழகும் குழந்தைக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

நுங்கு போடும் முத்திரை

ஜி.எஸ்.டி. ரோட்டில் நுங்கு வாங்குகிறோம். சுளையைத் தின்றுவிட்டுக் கூட்டை எறிகிறோம். எறியாதீர்கள்! வெட்டிய பக்கத்தைத் துடைத்து, காபி டிகாஷனைத் தடவி, தாளில் அழுத்துங்கள். பெரிய வட்டத்துக்குள் மூன்று கண் தெரியும். 3 வயதுக் குழந்தைகூட இதைச் செய்யும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, பீட்ரூட் சாற்றில் தோய்த்து அழுத்தினால் ஐந்து இதழ்ப் பூ கிடைக்கும்.

நுங்கு விற்பவரிடம் ஒரு துண்டு ஓலை கேளுங்கள். பச்சை ஓலை காய்ந்தால் சுருங்கும். அதனால் ஒரு நாள் கனமான புத்தகத்தின் அடியில் வைத்து, பிறகு விசிறிபோல வெட்டி ஒட்டுங்கள். கட்டை விரலை டிகாஷனில் தோய்த்து, கீழே வரிசையாக ரேகை வைத்தால் மரம் முடிந்தது. பனைதான் தமிழ்நாட்டின் மாநில மரம். ஒட்டும்போதே சொல்லிக்கொடுங்கள். மட்டையின் இருபுறமும் உள்ள கருக்கு, ரம்பம் மாதிரி அறுக்கும். மட்டையோடு கொண்டுவர வேண்டாம்.

மரத்தின் பக்கத்தில் ஒரு பறவை வேண்டுமா? குழந்தையின் உள்ளங்கையில் பீட்ரூட் சாற்றைத் தடவி அழுத்துங்கள். விரல்கள் இறகு. நீண்ட கழுத்தும் காலும் பென்சிலால் வரைந்தால் பூநாரை! பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்துபோகும் பறவை அது. அந்த நிலம் 2022-ம் ஆண்டில் உலக ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

தீப்பெட்டி ரெயில்

கடைசியில் ரெயில். எட்டு காலித் தீப்பெட்டிகளின் மேல்கூடு மட்டும் போதும். மருந்துப் பட்டையை மறைத்து வண்ணத் தாள் ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஒரு ஸ்டேஷன் பெயர்: பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம்.

குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். எழுத்து இப்போதுதான் பழகும் பாட்டியும் கூட உட்காரட்டும்!

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை உண்டு. பல்லாவரத்தில்தான் 1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் ஆதி மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதுவும் ஒரு கோடை நாள்தான்! குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் குரோம்பேட்டை. சானடோரியம் என்பது 1928-ல் தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரியால் வந்த பெயர். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ல்.

பெட்டிகளை நூலில் கோத்து, ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே கட்டுங்கள். நூல் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கழுத்தில் சுற்றினால் ஆபத்து.

இவை வேண்டாம்

அலங்காரத்துக்குக் குன்றிமணி வேண்டாம். பார்க்க அழகு. மென்றால் உயிருக்கே ஆபத்து. குண்டூசியும் பின்னும் வேண்டாம். 3 வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் மணி, பொத்தான், புளியங்கொட்டை எதுவும் கிட்டே இருக்கக்கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும்.

இன்னொன்று. சூரியன் கோணலாக இருக்கிறதா? இருக்கட்டும்! பெரியவர்கள் பிரித்து ஒட்டித் திருத்தக்கூடாது. திருத்தினால் அது உங்கள் சூரியன். குழந்தையின் சூரியன் அல்ல.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். அதற்குள் மஞ்சள் வெளுத்திருக்கும். அட்டையின் ஓரத்தில் குழந்தையின் பெயரையும் வருஷத்தையும் எழுதிப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். அடுத்த கோடையில் எடுத்துப் பார்த்தால், பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியும்.

மாலை 7 மணி. வேர்க்க விறுவிறுக்க வேலையிலிருந்து திரும்புகிறார் தகப்பனார். செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வருகிறது குழந்தை.

"அப்பா! மேலே பாருங்கள். நீங்கள் வந்த ரெயில்!"

பகல் முழுதும் பட்ட வெயில் அந்த நிமிஷமே மறந்துவிடும்!