சுராங்கனியும் சிலோன் மனோகரும்



பூண்டுலோயா என்ற பெயரில் வரும் 'ஓயா' என்பது சிங்களச் சொல். ஆறு, ஓடை என்பது அதன் பொருள். அங்குள்ள தோட்டத் தமிழர் அதனை நாள்தோறும் தம் சொல்லாகவே வழங்குகின்றனர். இவ்வாறு இரு மொழிகள் இயல்பாய்க் கலந்த பாடல்தான் 'சுராங்கனி'. அதனைத் தமிழுலகெங்கும் பரப்பியவர் சிலோன் மனோகர் எனப்பட்ட ஏ. ஈ. மனோகரன்.

அவர் கையாண்ட இசை பைலா. போர்த்துக்கேய மொழியில் ஆடுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. 1505ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் பாட்டும் ஆபிரிக்கரின் தாளமும் கலந்து, காலப்போக்கில் சிங்கள மக்களின் களியாட்ட இசையாயின. அத்தாளத்தில் தமிழைப் பாடி, பொப்பிசைப் பாடகராகப் புகழ்பெற்றார் மனோகரன்.

பின்னர் அவர் தமிழகம் சென்று திரைப்படங்களிலும் நடித்தார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்தில், இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவன் குரலிலும் சுராங்கனி ஒலித்தாள். மனோகரன் 2018 ஜனவரி 22ஆம் நாள் சென்னையில் காலமானார்.

1956இல் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கிச் சட்டம் இயற்றிய நாடு இது. அந்தப் பிளவை ஆற்ற ஒரு பாட்டினால் இயலாதுதான். ஆயினும், இரு மொழியாரும் ஒரே தாளத்திற்குக் கைதட்ட இயலும் என்பதற்கு அது நிலைத்த சான்று.