தங்குவிடுதிகளின் உயர்நிலை உறுப்பினர் தகுதி

தங்குவிடுதிகளின் உயர்நிலை உறுப்பினர் தகுதி என்பது, பன்னாட்டுத் தங்குவிடுதிக் குழுமங்கள் தம்மிடம் அடிக்கடி தங்கும் வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுக் கணக்கில் வழங்கும் படிநிலை ஆகும். அறைக்குச் செலவிட்ட பணத்திற்கு ஏற்பச் சேரும் வெகுமதிப் புள்ளிகளிலிருந்து இது வேறானது. புள்ளிகளைப் பயன்படுத்தினால் அவை தீர்ந்துவிடும். தகுதியோ குறிப்பிட்ட காலம் வரை நீடித்து, தங்கும் ஒவ்வொரு முறையும் பயன் தரும். மேம்பட்ட அறை, காலை உணவு, அறையைக் காலி செய்யக் கூடுதல் நேரம் ஆகியவை இதன் முதன்மையான சலுகைகள். தமிழ்நாட்டில் ஓட்டல் என்னும் சொல் பெரும்பாலும் உணவகத்தையே குறிப்பதால், இக்கட்டுரையில் தங்குவிடுதி என்னும் சொல் ஆளப்படுகிறது.

தோற்றம்

இம்முறை விமான நிறுவனங்களிடமிருந்து வந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டு விமானக் கட்டணக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட பின் போட்டி கடுமையானது. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், பறந்த மைல்களைக் கணக்கில் வைத்து இலவசப் பயணம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் தங்குவிடுதிகள் அதனைப் பின்பற்றின. ஹாலிடே இன், மாரியட் ஆகிய இரண்டும் 1983 இல் தம் திட்டங்களைத் தொடங்கின. ஹில்டன், ஹையாட் ஆகியவை 1987 இல் இணைந்தன.

1999 இல் ஸ்டார்வுட் குழுமம் தொடங்கிய திட்டம் ஒரு திருப்பமாகும். அதுவரை விழாக்காலங்களிலும் விடுமுறை நாட்களிலும் புள்ளிகளைக் கொண்டு அறை எடுக்க இயலாதவாறு விலக்கு நாட்கள் வைக்கப்பட்டிருந்தன. ஸ்டார்வுட் அவற்றை நீக்கியது. அளவில் சிறியதாயினும், அடிக்கடி பயணம் செய்வோரிடையே இத்திட்டம் பெற்றிருந்த பற்றுக்கு இணை இல்லை எனலாம். மாரியட் 2016 இல் ஏறத்தாழ 1,300 கோடி டாலருக்கு ஸ்டார்வுடை வாங்கியபோது, அத்திட்டத்தின் உறுப்பினர்களும் வாங்கப்பட்ட சொத்தின் முக்கியப் பகுதியாகவே கருதப்பட்டனர். இரு குழுமங்களின் திட்டங்களும் 2018 ஆகஸ்டில் இணைக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் மாரியட் பான்வாய் என்னும் பெயரைப் பெற்றன. இணைப்பின்போது பலரது கணக்குகளில் தங்கிய இரவுகளும் புள்ளிகளும் காணாமற் போயின. ஏமாற்றப்படுவதைக் குறிக்க, உறுப்பினர்கள் அத்திட்டத்தின் பெயரையே வினைச்சொல்லாக்கிக் கேலியாக வழங்கினர்.

தகுதி பெறும் முறை

சனவரி முதல் திசம்பர் வரை தங்கிய இரவுகளின் எண்ணிக்கையே பொதுவான அளவுகோல். ஈட்டிய தகுதி அந்த ஆண்டின் எஞ்சிய நாட்களுக்கும், அடுத்த ஆண்டு முடிந்து ஓரிரு மாதங்கள் வரையிலும் செல்லும். மாரியட் பான்வாயில் 10 இரவுகளுக்கு வெள்ளி, 25க்குத் தங்கம், 50க்குப் பிளாட்டினம், 75க்கு டைட்டானியம் எனப் படிகள் அமைந்துள்ளன. அனைத்திற்கும் மேலான அம்பாசடர் தகுதிக்கு 100 இரவுகளுடன் குறிப்பிட்ட தொகையையும் அவ்வாண்டில் செலவிட்டிருக்க வேண்டும். இத்தொகை 2023 முதல் 23,000 டாலர். ஹையாட்டில் உலோகப் பெயர்கள் இல்லை. 10, 30, 60 இரவுகளுக்கு முறையே டிஸ்கவரிஸ்ட், எக்ஸ்புளோரிஸ்ட், குளோபலிஸ்ட் எனப்படுகின்றன.

தங்காமலும் தகுதி பெறலாம். ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்படும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் அட்டையை வைத்திருப்பவர், விடுதியில் ஓர் இரவும் தங்காமல் ஹில்டன், மாரியட் இரண்டிலும் தங்கத் தகுதிக்குப் பதிந்துகொள்ள முடியும். அதிக ஆண்டுக் கட்டணமுள்ள சில அட்டைகள் இதனினும் உயர்ந்த தகுதியைத் தருகின்றன. இதன் விளைவாகத் தங்கத் தகுதியின் மதிப்பு வெகுவாகக் குறைந்துள்ளது. வரவேற்பு மேசையில் நிற்கும் பத்துப் பேரில் பலரும் தங்க உறுப்பினர்களாயின், சிறந்த அறையை எவருக்குத் தருவது?

இடைத்தரகு வலைத்தளங்கள் வழியாக அறை பதிவு செய்தால் பொதுவாக இரவுக் கணக்கும் சேராது, சலுகைகளும் கிடைக்கா. அத்தளங்களுக்கு விடுதிகள் கணிசமான தரகு செலுத்த வேண்டியிருப்பதே காரணம். வாடிக்கையாளரை நேரடிப் பதிவுக்கு இழுப்பதே இத்திட்டங்களின் அடிப்படை நோக்கம் என்பதை இவ்விதி தெளிவாக்குகிறது.

சலுகைகள்

அறை மேம்பாடு: மிகவும் விரும்பப்படுவதும் மிகுந்த மனத்தாங்கலை உண்டாக்குவதும் இதுவே. சாதாரண அறைக்குப் பணம் செலுத்தியவருக்கு, உயர்தளத்திலோ கடலை நோக்கியோ அமைந்த அறையோ, தனி வரவேற்பறையுடன் கூடிய தொகுப்பறையோ கூடுதல் கட்டணமின்றித் தரப்படும். எல்லாத் திட்டங்களிலும் இதற்கு "இருப்பைப் பொறுத்தது" என்னும் நிபந்தனை உண்டு. இருப்பு என்பதை முடிவு செய்வது அந்தந்த விடுதியே. வலைத்தளத்தில் அன்றிரவு விற்பனைக்குக் காட்டப்படும் தொகுப்பறை, மேசையில் கேட்கும்போது இல்லை எனப்படுவது உண்டு. கடைசி நேரத்தில் அதனை முழு விலைக்கு வாங்க ஒருவர் வரக்கூடும் என்னும் எதிர்பார்ப்பு ஒரு காரணம். தொகுப்பறையைத் துப்புரவு செய்ய ஆகும் கூடுதல் நேரம் மற்றொன்று. ஹையாட்டின் குளோபலிஸ்ட் விதிகள் சாதாரணத் தொகுப்பறைகளும் இம்மேம்பாட்டில் அடங்கும் என வெளிப்படையாகக் கூறுவதால், அத்தகுதி ஒப்பீட்டளவில் உயர்வாக மதிக்கப்படுகிறது.

காலை உணவும் ஓய்வுக்கூடமும்: பிளாட்டினம் முதலான தகுதியினர் பல விடுதிகளில், சிற்றுண்டியும் மாலையில் பானங்களும் வைக்கப்படும் தனி ஓய்வுக்கூடத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே குழுமத்திற்குள்ளும் வணிகப் பெயருக்கு ஏற்ப விதி மாறும். எடுத்துக்காட்டாக, மாரியட் குழுமத்தின் ரிட்ஸ்-கார்ல்டன் விடுதிகளில் தகுதியின் பேரில் ஓய்வுக்கூட அனுமதி இல்லை. ஹில்டன் 2021 சூலையில், ஐக்கிய அமெரிக்காவிலுள்ள தனது பல விடுதிகளில் தங்க, வைர உறுப்பினர்களுக்கான இலவசக் காலை உணவுக்குப் பதிலாக உணவுச் செலவுக்கான குறிப்பிட்ட தொகையை வரவு வைக்கத் தொடங்கியது. பெருநகர விடுதிகளில் அத்தொகை ஒரு முழுக் காலை உணவுக்குப் போதாது என்பது பரவலான குறை.

கூடுதல் நேரம்: மாரியட்டில் தங்க உறுப்பினர் பிற்பகல் 2 மணி வரையும் பிளாட்டினம் உறுப்பினர் மாலை 4 மணி வரையும் அறையில் இருக்கலாம். தங்க உறுப்பினருக்கு இது இருப்பைப் பொறுத்தது. பிளாட்டினத்திற்கு உறுதி செய்யப்பட்டது, உல்லாச விடுதிகளும் மாநாட்டு விடுதிகளும் நீங்கலாக. இரவு விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு இதனினும் பயனுள்ள சலுகை வேறில்லை. எனினும் அதன் சுமை துப்புரவுப் பணியாளர் மீது விழுகிறது. அடுத்த விருந்தினர் 3 மணிக்கே வரத் தொடங்குவர்.

வெளியில் அதிகம் பேசப்படாத பயன் ஒன்றும் உண்டு. வராமற் போகும் விருந்தினரை ஈடுகட்ட, விடுதிகள் உள்ள அறைகளைவிடக் கூடுதலாகப் பதிவு செய்கின்றன. எல்லோரும் வந்துவிட்டால் சிலரை வேறு விடுதிக்கு அனுப்ப நேரும். அவ்வாறு அனுப்பப்படுவோரில் உயர்நிலை உறுப்பினர்கள் பொதுவாக இடம்பெறுவதில்லை. இடம்பெற்றால் இழப்பீடு உண்டு.

செலவை ஏற்பவர் யார்?

மாரியட், ஹில்டன் போன்ற குழுமங்கள் தம் பெயரைத் தாங்கிய கட்டடங்களில் மிகச் சிலவற்றையே உடைமையாகக் கொண்டுள்ளன. பெரும்பாலானவை தனி உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. குழுமம் பெயரையும் பதிவு முறைமையையும் அளித்துக் கட்டணம் பெறுகிறது. உறுப்பினர் ஒருவர் தங்கும்போது, அவரது கட்டணத்தில் ஒரு விழுக்காட்டை உரிமையாளர் திட்டத்திற்குச் செலுத்த வேண்டும். புள்ளிகளைக் கொண்டு எடுக்கப்படும் அறைகளுக்குத் திட்டம் உரிமையாளருக்கு ஈடு வழங்கும்; விடுதி ஏறக்குறைய நிரம்பிய நாட்களில் இவ்வீடு அதிகம். ஆனால் காலை உணவு, மேம்பட்ட அறை போன்ற சலுகைகளின் செலவு பெரும்பாலும் உரிமையாளரையே சாரும். வாக்குறுதி அளிப்பவர் ஒருவர், நிறைவேற்றுபவர் மற்றொருவர். சலுகை மறுக்கப்படுவது பற்றிய குறைகளில் பெரும்பகுதிக்கு, பணியாளரின் அலட்சியத்தைவிட இவ்வமைப்பே மூலகாரணம் எனக் கொள்ளலாம்.

குழுமத்திற்கோ இத்திட்டம் தனிச் சொத்து. புள்ளிகளை வங்கிகளுக்கு விற்பது பெரும் வருவாய். கோவிட்-19 காரணமாக 2020 இல் விடுதிகள் வெறிச்சோடிய நிலையில், ஹில்டன் 100 கோடி டாலர் மதிப்புள்ள புள்ளிகளை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திற்கு முன்கூட்டியே விற்றது. மாரியட்டும் தன் அட்டை வங்கிகளிடமிருந்து 92 கோடி டாலர் திரட்டியது. அவ்வாண்டு எவராலும் பயணம் செய்ய இயலாததால், உறுப்பினர்களின் தகுதியும் நீட்டிக்கப்பட்டது.

அறைக் கட்டணத்தைப் பெரும்பாலும் முதலாளி நிறுவனம் செலுத்த, பயன் பணியாளருக்குப் போகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். அலுவல் பயணத்தால் கிடைக்கும் இத்தகைய பயன்களுக்கு வரி விதிக்க முனையப் போவதில்லை என ஐக்கிய அமெரிக்க உள்நாட்டு வருவாய்த் துறை 2002 இல் அறிவித்தது.

விமர்சனங்கள்

ஆண்டு இறுதியில் சில இரவுகள் குறைவாயின், தேவையின்றி அருகிலுள்ள மலிவான விடுதியில் அறை எடுத்துக் கணக்கை நிறைவு செய்வோர் உண்டு. இது பெரும்பாலும் நட்டமே. ஐந்து இரவுகளை, இரவுக்கு 100 டாலர் வீதம் வாங்குவதாகக் கொண்டால் செலவு 500 டாலர். அதனால் கிடைக்கும் காலை உணவின் மதிப்பு 20 டாலர் எனில், முதலை மீட்கவே 25 நாட்கள் தங்க வேண்டும். அவ்வளவு தங்கப் போகாதவருக்குக் காலை உணவை விலைக்கு வாங்குவதே மலிவு.

தனியுரிமை மற்றொரு சிக்கல். சலுகைக்கு ஈடாக உறுப்பினர் தருவது தமது பயண வரலாற்றை. ஸ்டார்வுடின் பதிவுத் தரவுத்தளத்தில் 2014 முதலே ஊடுருவல் இருந்தது என 2018 நவம்பரில் மாரியட் அறிவித்தது. அதிகபட்சமாக 38.3 கோடி விருந்தினர் பதிவுகளும், அவற்றுள் மறையாக்கம் செய்யப்படாத 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட கடவுச்சீட்டு எண்களும் வெளிப்பட்டன. பிரித்தானியத் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 இல் 1.84 கோடி பவுண்டு தண்டம் விதித்தது.

விதிகளை மாற்றும் உரிமை முழுவதும் குழுமத்திடமே உள்ளது. ஒரு விடுதிக்கு எத்தனை புள்ளிகள் என முன்கூட்டியே காட்டும் அட்டவணையை மாரியட் 2022 மார்ச்சில் கைவிட்டது. அதன் பின் தேவைக்கேற்ப விலை மாறுகிறது.

வாழ்நாள் தகுதி

நீண்ட கால உறுப்பினர்களுக்குச் சில குழுமங்கள் வாழ்நாள் தகுதியும் வழங்குகின்றன. மாரியட்டில் வாழ்நாள் பிளாட்டினம் பெற மொத்தம் 600 இரவுகளும், பிளாட்டினம் அல்லது அதற்கு மேற்பட்ட தகுதியில் 10 ஆண்டுகளும் தேவை. அதற்கும் மேலான வாழ்நாள் டைட்டானியம் தகுதியைப் புதிதாக ஈட்டும் வாய்ப்பு 2018 உடன் முடிவுற்றது. வாழ்நாள் என்பது உறுப்பினரின் வாழ்நாளை மட்டுமே குறிக்கும். இத்தகுதி வாரிசுகளுக்குச் செல்வதில்லை.