பத்தாண்டுகள் மனத்திலேயே வளர்ந்த நாவல்

கடல் கடந்த கதைசொல்லிகள் – 12

2002ஆம் ஆண்டின் தொடக்கம். வாஷிங்டனை ஒட்டி, பொட்டோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வர்ஜீனியாவில் 51 வயதுக்காரர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து நாவல் எழுதிக்கொண்டிருந்தார். அதற்காகவே சேர்த்துவைத்திருந்த விடுப்பை மொத்தமாக எடுத்திருந்தார். வரிச்சட்டச் செய்திகளை வெளியிடும் ‘டாக்ஸ் நோட்ஸ்’ என்ற வார இதழில் அவருக்கு வேலை. முதலில் புரூஃப் பார்த்தார்; பிறகு, வரி பற்றி மற்ற ஏடுகளில் வரும் கட்டுரைகளைச் சுருக்கி எழுதினார். ஏறத்தாழ 19 ஆண்டுகள் அதே இடத்தில் இருந்துவிட்டார். நாவல் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான் அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது: ஆட்குறைப்பில் அவருடைய வேலை போய்விட்டது.

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்த நாவல் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அவர் மனத்தில் ஏறத்தாழ முழுதாக உருவாகிவிட்டிருந்தது. எழுத உட்கார்ந்தபோது தாளில் இருந்தவை வெறும் 12 பக்கங்கள். முதல் அத்தியாயத்தில் கொஞ்சம், கடைசி அத்தியாயத்தில் கொஞ்சம். யார் எங்கே பிறந்தார், யார் யாரை விலைக்கு வாங்கினார், யார் எப்படிச் செத்தார் என்கிற மற்ற எல்லாமே நினைவில்தான் இருந்தன. சில மாதங்களில் முதல் வரைவு முடிந்தது. 2003இல் ‘தி நோன் வேர்ல்ட்’ என்ற பெயரில் நாவல் வெளிவந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. எழுதியவர் எட்வர்ட் பி. ஜோன்ஸ்.

சென்ற வாரம் நாம் பார்த்த மெரிலின் ராபின்சன், முதல் நாவலுக்கும் இரண்டாம் நாவலுக்கும் நடுவில் 24 ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர். ஜோன்ஸ் புனைவில் தந்திருப்பதே மூன்று புத்தகங்கள்தாம்: இரண்டு சிறுகதைத் தொகுப்புகள், ஒரு நாவல். இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது, அது அவர் எழுத்தை என்ன செய்தது என்று பார்க்கலாம்.

18 வீடுகள்

ஜோன்ஸ் 1950 அக்டோபர் 5 அன்று வாஷிங்டனில் பிறந்தார். அப்பா சிறுவயதிலேயே விலகிப்போய்விட, அம்மா ஜீனெட் தனியாளாக வளர்த்தார். உணவகத்தில் பாத்திரம் கழுவினார். ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்தார். அந்த வருமானத்தில் எந்த வீட்டு வாடகையும் நெடுநாள் கட்டுபடியாகவில்லை. மகனுக்கு 18 வயதாவதற்குள் 18 வீடுகள் மாற வேண்டியிருந்தது. ஒரு தெருவில் கிடைத்த நண்பன் அடுத்த தெருவுக்கு வரமாட்டான் என்பதை அந்தப் பிள்ளை மிகச் சீக்கிரம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பதின்ம வயது வரை காமிக்ஸ்தான் அவருடைய வாசிப்பு. நாவல்களும் ரிச்சர்ட் ரைட் போன்ற கறுப்பின எழுத்தாளர்களும் அதன் பிறகே கைக்கு வந்தனர்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜோன்ஸைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம்.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் உள்ள ஹோலி கிராஸ் கல்லூரியில் ஜான் ப்ரூக்ஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார் முனைந்து நின்று கறுப்பின இளைஞர்களை உதவித்தொகையோடு சேர்த்தார். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான கிளாரன்ஸ் தாமஸ் அவர்களில் ஒருவர்; ஜோன்ஸ் இன்னொருவர். கணக்குப் படிக்கச் சேர்ந்தவர் இலக்கியத்துக்கு மாறினார். 1972இல் பட்டம் பெற்றதும் நோயுற்றிருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பினார். 1975இல் அம்மா இறந்தார். அதற்குப் பிறகு தங்க இடம் இல்லாமல் அலைந்த காலமும் உண்டு. கறுப்பினப் பெண்களுக்கான ‘எசென்ஸ்’ இதழ் அவருடைய முதல் கதையை ஏற்றுக்கொண்டது அந்த இருண்ட நாட்களை ஒட்டித்தான். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் எழுத்துக் கலையில் முதுகலை முடித்தது 1981இல். அதற்குப் பிறகுதான் வரி இதழ் வேலை.

தலைநகரின் மறுபக்கம்

கல்லூரியில் அவருடன் படித்தவர்களுக்கு வாஷிங்டன் என்றால் வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றமும்தான். அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன, குழந்தைகள் பள்ளிக்குப் போகின்றன என்பதே பலருக்குத் தோன்றியதில்லை. உண்மையில், 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே அந்நகரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். உலகுக்கே ஜனநாயகம் சொல்லித்தரும் தலைநகரத்தின் குடிமக்கள், 20ஆம் நூற்றாண்டில் முதன்முதலாக அதிபர் தேர்தலில் வாக்களித்தது 1964இல்தான்.

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பைப் படித்தபோது, ஒரு நகரத்தின் சாதாரண மனிதர்களைத் தெருத்தெருவாக எழுத முடியும் என்பது ஜோன்ஸுக்கு விளங்கியது. அதன் விளைவு 1992இல் வந்த ‘லாஸ்ட் இன் தி சிட்டி’. மொத்தம் 14 கதைகள். புறா வளர்க்கும் சிறுமியில் தொடங்கி, எண்பது கடந்த மேரி என்ற மூதாட்டியில் முடிகிறது. மனிதர்களின் வயது ஏற ஏறக் கதைகளும் நகர்கின்றன. நியூயார்க் அவென்யூ, நியூஜெர்சி அவென்யூ என்று உண்மையான தெருப் பெயர்களே வருகின்றன. வீடு வீடாக மாறிய பிள்ளை, நகரம் முழுவதையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தார்.

அதில் ‘தி ஃபர்ஸ்ட் டே’ என்ற கதை சில பக்கங்களில் முடிந்துவிடும். ஒரு தாய் மகளை முதன்முதலாகப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறாள். ஆசைப்பட்ட பள்ளியில், உங்கள் வீடு எங்கள் எல்லைக்குள் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த பள்ளியில் ஒரு படிவத்தை நீட்டுகிறார்கள். தாய் அதை எடுத்துக்கொண்டு முன்பின் தெரியாத இன்னொரு பெண்ணிடம் போய், நிரப்பித் தரும்படி கேட்கிறாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது மகளுக்கு அந்த நொடியில்தான் தெரியவருகிறது. ஜோன்ஸ் அந்தத் தாய்க்காக அழவில்லை. இரக்கம் கேட்கவும் இல்லை. அவளுடைய நிமிர்வைக் குறையாமல் எழுதிக் காட்டுகிறார். பெற்றவருக்கு எழுத்து தெரியாத வீட்டிலிருந்து படிக்கப் போன முதல் தலைமுறைக்காரர் எவரும் இந்தக் கதையை எளிதில் கடந்துவிட முடியாது.

இத்தொகுப்பு பென்/ஹெமிங்வே விருது பெற்றது. தேசியப் புத்தக விருதின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. ஆனாலும் அவர் வரி இதழ் வேலையை விடவில்லை. மாதச் சம்பளம் வேண்டியிருந்தது. அந்தச் சம்பளத்தின் நிழலில்தான் நாவல் மனத்துக்குள் வளர ஆரம்பித்தது.

அடிமையாய்ப் பிறந்த எஜமான்

அடிமைகளை வைத்திருந்த கறுப்பினத்தவரும் அமெரிக்காவில் இருந்தார்கள் என்பதைக் கல்லூரி நாட்களில் கேள்விப்பட்டு ஜோன்ஸ் அதிர்ந்தார். அது வரலாற்றில் பதிவானதுதான். 1830ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏடுகளிலிருந்து அத்தகையவர்களின் பெயர்களைத் தொகுத்து வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. உட்சன் 1924இல் வெளியிட்டிருக்கிறார். அவர்களில் பலர், சொந்த மனைவியையும் பிள்ளையையும் மீட்பதற்காக விலைக்கு வாங்கியவர்கள். இதற்குள் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. விடுதலை பெற்ற அடிமை 12 மாதங்களுக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று வர்ஜீனியா 1806இல் சட்டம் போட்டது. ஆகவே, மனைவியைக் கூடவே வைத்துக்கொள்ள விரும்பிய கணவன், காகிதத்தில் அவளைத் தன் உடைமையாகவே வைத்திருக்க வேண்டியிருந்தது.

நாவலில் அகஸ்டஸ் டவுன்சென்ட் அப்படிப்பட்டவர். தச்சு வேலை செய்து முதலில் தன்னை மீட்கிறார். பிறகு மனைவி மில்ட்ரெட்டை. கடைசியாக மகன் ஹென்றியை. அந்த மகன் வளர்ந்து, தன் பழைய எஜமானிடமிருந்து மோசஸ் என்ற மனிதனை விலைக்கு வாங்குகிறான். செய்தி தெரிந்த அன்று அகஸ்டஸ் கைத்தடியால் மகனின் தோளில் அடிக்கிறார். மகன் அந்தத் தடியைப் பிடுங்கி முறித்துப்போடுகிறான். 1855இல், 31 வயதில் ஹென்றி சாகும்போது 50 ஏக்கருக்கு மேல் நிலமும் 33 அடிமைகளும் அவன் பெயரில் இருக்கின்றன. மோசஸ் அங்கே கங்காணி.

‘கறுப்பரும்தானே அடிமை வைத்திருந்தார்கள்’ என்று சொல்லி வெள்ளையரின் குற்றத்தை லேசாக்க நினைப்பவர்களுக்கு இந்த நாவலில் ஒன்றும் கிடைக்காது. மனிதனை உடைமையாக்கலாம் என்று சட்டம் ஒருமுறை சொல்லிவிட்டால், அது யாரையும் எஜமானாக்கும், யாரையும் சரக்காக்கும். இதை ஜோன்ஸ் அகஸ்டஸின் முடிவில் காட்டுகிறார். சாலையில் அவரை மறிக்கும் ரோந்துக்காரன் ஒருவன், அவருடைய விடுதலைப் பத்திரத்தை வாயில் போட்டுத் தின்றுவிடுகிறான். அதோடு அவர் மீண்டும் அடிமை, விற்கப்படுகிறார். வாழ்நாள் முழுக்க உழைத்து வாங்கிய விடுதலை ஒரு தாளில் மட்டுமே இருந்தது.

எல்லாருக்கும் ஒரு வாழ்க்கை

அடிமை முறை பற்றி 40 புத்தகங்கள் போல வாங்கி அடுக்கினார் ஜோன்ஸ். படித்து முடித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று ஆண்டுகள் ஓடின. கடைசியில் பெரும்பாலானவற்றைப் படிக்காமலே எழுதினார். கதை நடக்கும் மான்செஸ்டர் கவுன்ட்டி எந்த வரைபடத்திலும் இல்லை. நாவலில் வரும் கணக்கெடுப்பு எண்களும் வரலாற்று நூல்களும்கூட அவருடைய கற்பனையே. கணக்கெடுக்க வந்த அதிகாரி மனைவியோடு சண்டை போட்டதால் கணக்கில் பிழை விட்டார் என்பது வரை எழுதியிருக்கிறார். வாசகர்கள் பலர் இவை உண்மை ஆவணங்கள் என்றே நம்பினார்கள்.

பத்தாண்டுக் காத்திருப்பின் பலன் இந்த நாவலின் காலத்தில்தான் தெரிகிறது. கதை 1855இல் நின்றுகொண்டிருக்கும். அதே பத்தியில் ஒரு பாத்திரத்தின் நாற்பது ஆண்டுக்குப் பிந்தைய சாவை ஆசிரியர் சொல்லிவிட்டுத் திரும்புவார். இளம்பெண்களின் பின்னால் திரியும் ஸ்டாம்ஃபர்ட் என்ற அடிமையை நாம் துச்சமாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, அவன் பிற்காலத்தில் ரிச்மண்டில் அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் தொடங்குவான், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு தெருவுக்கு அவன் பெயர் வைக்கப்படும் என்று தெரிகிறது. இப்படிச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொருவரின் வாழ்க்கையும் கடைசி நாள் வரை ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜோன்ஸுக்குத் தெரிந்திருந்தது.

அடிமைகள் எஜமானர்களின் கணக்கேட்டில் வெறும் வயதாகவும் விலையாகவும் இருந்தவர்கள். அவர்களில் எவரையும் அவர் கதைக்குள் வந்துபோகிற ஆளாக விடவில்லை. படிவம் நிரப்பத் தெரியாத அம்மாவின் மகன், எந்தப் படிவத்திலும் இடம் கிடைக்காதவர்களுக்கு முழு வாழ்க்கையை எழுதிக்கொடுத்தார். அவருடைய பொறுமைக்கு நான் காணும் பொருள் இதுதான்.

புலிட்சரைத் தொடர்ந்து மக்ஆர்தர் நல்கை, 2005இல் ஒரு லட்சம் யூரோ மதிப்புள்ள டப்ளின் இலக்கிய விருது என்று பெருமைகள் வந்தன. 2024இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இந்த நூற்றாண்டின் சிறந்த 100 நூல்களைப் பட்டியலிட்டபோது ‘தி நோன் வேர்ல்ட்’ நான்காம் இடத்தில் இருந்தது. 2006இல் வந்த ‘ஆல் ஆன்ட் ஹேகார்ஸ் சில்ட்ரன்’ தொகுப்பிலும் 14 கதைகள். முதல் தொகுப்பின் ஒவ்வொரு கதைக்கும் இதில் ஓர் உறவுக்கதை உண்டு. அங்கே ஓரத்தில் நின்றவர் இங்கே நடுவுக்கு வருகிறார். அதற்குப் பிறகு புதிய புனைவு நூல் வரவில்லை. ஜோன்ஸ் தன் ஊரிலேயே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எழுத்துக் கலை கற்பித்துவந்திருக்கிறார்.

அடுத்த புத்தகம் எப்போது என்று அவரை நச்சரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆண்டுக்கு ஒரு நாவல் கேட்கும் பதிப்புலகத்தில், சொல்வதற்கு முழுதாகக் கைவந்த பிறகே சொல்வேன் என்று ஒருவர் வாழ்ந்து காட்டுவது பெரிய காரியம். ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் ‘தி ஃபர்ஸ்ட் டே’யிலிருந்து தொடங்கலாம், பிறகு நாவலுக்குப் போங்கள். முதல் 50 பக்கங்களில் பெயர்கள் குழப்பும். காலம் முன்னும் பின்னும் போகும். விட்டுவிடாதீர்கள். ஜோன்ஸ் பத்தாண்டு பொறுத்ததில் ஒரு வாரத்தை நாம் பொறுத்தால், 33 பேரையும் பெயர் சொல்லி அறிந்தவர்களாக வெளியே வருவோம்.

அடுத்த வாரம்: இரவுக் காவலராக இருந்த தாத்தாவின் கடிதங்களிலிருந்து நாவல் எழுதிய, மினியாபொலிஸில் புத்தகக் கடை நடத்தும் லூயிஸ் எர்ட்ரிக்.

(தொடரும்)